திராட்சைக்கு ஆள் உண்டு

பாயசத்தில் ஒரே ஒரு உலர்ந்த திராட்சை மிதந்தால் போதும், அண்ணன் ஆரம்பித்துவிடுவார். அதைக் கரண்டியால் தனியே எடுத்துக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

"இது என்ன தெரியுதா, தங்கச்சி?"

"திராட்சை, அண்ணே."

"இதுக்கு வாஷிங்டன்ல ஆபீஸ் இருக்கு. கீழ வரவேற்புல ஒரு பொண்ணு, மேல வக்கீலுங்க. உங்களுக்கு வாஷிங்டன்ல யார் இருக்கா?"

"எனக்கு ஆக்லாந்துலயே யாரும் இல்லையே."

"அதான் சொல்றேன். திராட்சைக்கு ஆள் இருக்கு. நமக்கு இல்ல லா."

சொல்லிவிட்டு அந்தத் திராட்சையை வாயில் போட்டுக்கொள்வார். முதல் தடவை நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போகப் போக, அவர் கரண்டியைத் தூக்கும்போதே என் கணவர் ஏதாவது சாக்குச் சொல்லி அடுப்படிக்குள் போய்விடுவார். ஒரு தீபாவளிக்கு வேண்டுமென்றே திராட்சை போடாமல் முந்திரி மட்டும் வறுத்துப் போட்டேன். அண்ணன் கிண்ணத்தைக் கிளறிப் பார்த்துவிட்டு, "முந்திரிக்கும் யாராவது இருப்பாங்க, விசாரிக்கணும்" என்றார்.

ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே டிரைவ்வே. முன்வீடு அண்ணன் குடும்பத்துடையது, பின்வீடு எங்களுடையது, இரண்டும் வாடகை. அவர்கள் ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர்கள், நாங்கள் திருச்சி. தொண்ணூறுகளின் நடுவில், இந்த நாடு பாயிண்ட் கணக்குப் போட்டுப் படித்தவர்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தோம். அவரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். அவர் மனைவி எங்களுக்கு டாக்டர் அக்கா. அண்ணனுக்குத் துறைமுகத்துப் பக்கம் ஒரு சரக்குக் கம்பெனியில் கணக்கு வேலை, எனக்கு நகர மையத்தில் ஒரு வங்கிக் கவுண்டரில். காலையில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம்.

எங்கள் பஸ் ஸ்டாப்புக்குக் கூரை கிடையாது. ஆக்லாந்து மழையைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஸ்டாப்புக்குக் கண்ணாடி போட்ட அழகான கூரை உண்டு.

"அங்க எதுக்குக் கூரை இருக்கு, இங்க எதுக்கு இல்ல, சொல்லுங்க பாப்போம்" என்பார் அண்ணன், குடையிலிருந்து என் தோளில் தண்ணீர் சொட்டுவது தெரியாமல்.

"அங்க ஆள் இருக்கு."

"ஆங்! அங்க ஒரு சர்ச் இருக்கு. வயசான அம்மாக்கள் சேர்ந்து கவுன்சிலுக்குப் போயிக்கிட்டே இருந்தாங்க. இங்க நாம எல்லாரும் நனையறோம், பஸ் வந்ததும் ஏறிப் போயிடறோம். ஆபீஸ் போனா காஞ்சிடுது. காஞ்சதுக்கு அப்புறம் யார் கேட்பா?"

எந்த விஷயத்தைக் கண்டாலும் அவருக்கு முதலில் தோன்றும் கேள்வி அதுதான். ஒரு தெருவில் மட்டும் ஸ்பீட் பிரேக்கர் ஏன், ஒரு பூங்காவில் மட்டும் புது ஊஞ்சல் ஏன், செய்தித்தாளில் திடீரென்று ஒரு அமைச்சர் ஏன் பால் பண்ணைக்காரர்களைப் புகழ்கிறார். "இதுக்கு யார் ஆள்?" என்று நெற்றியைச் சுருக்குவார். எனக்குச் சில நாள் எரிச்சலாக வரும். காலை நேரத்தில் மனுஷி ஜன்னல் ஓரம் நிம்மதியாகத் தூங்கக்கூடாதா?

அந்தப் புத்தி அவருக்கு வாஷிங்டனில் வந்தது. இளவயதில் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனவர், படிப்பு முடிந்ததும் உலர்ந்த பழ வியாபாரிகளின் சங்கம் ஒன்றில் டைப் அடிக்கும் வேலையில் சேர்ந்தார். அந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சங்கம் இருந்ததாம். தேனுக்கு, துப்பாக்கிக்கு, ஓய்வு பெற்றவர்களுக்கு, சவப்பெட்டி செய்பவர்களுக்கு. பாராளுமன்றத்தைச் சுற்றியிருந்த தெருக்களில் ஒவ்வொரு கதவிலும் ஒரு பெயர்ப்பலகை.

பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் மதியச் சாப்பாட்டில் ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சையையும் பழமாகக் கணக்கில் சேர்க்கலாம் என்று ஒரு விதி வர வேண்டும். அது சங்கத்தின் ஆசை. சங்கத்து வக்கீல் சொல்லச் சொல்ல அண்ணன் அந்த வரியை டைப் அடித்தார். வக்கீல் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்நாட்டுக் காங்கிரஸ் சபை உறுப்பினர் ஒருவரின் உதவியாளரோடு மதியம் சாப்பிடப் போனார். அந்த உதவியாளர் முன்பு இதே சங்கத்தில் வேலை பார்த்தவர்தான். சில மாதம் கழித்துச் சட்டம் அச்சாகி வந்தது.

"நான் அடிச்ச அதே வரி, தங்கச்சி. ஒரு வார்த்தை மாறல. எனக்கு அந்த நாட்டுல ஓட்டுக் கிடையாது. விசாவே இழுத்துக்கிட்டு நின்னுச்சு. பெருமையா இருந்துச்சுன்னா நெனைக்கிறீங்க? பயமா இருந்துச்சு."

"லஞ்சமா, அண்ணே?"

"அதெல்லாம் ஒன்னும் இல்ல. எல்லாம் சட்டப்படிதான். பதிவு பண்ணி, போர்டு மாட்டி. எலெக்‌ஷனுக்கு நன்கொடை கொடுத்தா அதுகூட ஊருக்குத் தெரியும். தப்பு நடந்திருந்தா யாராவது பிடிச்சிருப்பாங்களே. தப்பே நடக்கல, அதான் பிரச்சன."

எதிர்ப்பதற்கு ஆள் இல்லையா என்று கேட்டேன். யார் எதிர்ப்பார்கள் என்றார் அவர். அந்த விதியால் நஷ்டம் என்றால் வீட்டுக்குக் கொஞ்சம்போலத்தான். அதற்காக யாரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வாஷிங்டனுக்கு ரயில் ஏற மாட்டார்கள். திராட்சைக்காரனுக்கோ அதுதான் சோறு, அவன் தினமும் அங்கேயே இருப்பான்.

அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு கதை உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் கிண்டல் இருக்காது. நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுச் செத்துப்போனவர்களின் மனைவிமார், நஷ்டஈடு கேட்டு வருஷத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வாஷிங்டனுக்கு வருவார்களாம். புருஷன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு நடைபாதையில் காத்திருப்பார்கள். அதே காங்கிரஸ் உறுப்பினர் வெளியே வந்து ஒவ்வொருவர் கையையும் பிடித்துக்கொள்வார். அவருக்கே கண் கலங்கிவிடுமாம், நடிப்பில்லை. எல்லாரோடும் நின்று படம் எடுத்துக்கொள்வார்.

"படம் சட்டம் போட்டு எல்லார் வீட்டுக்கும் வந்துச்சு. அவங்க கேட்டது வரல. எங்க வக்கீல் அவரோட வாரா வாரம் சாப்பிட்டாரு, ஒரு படம்கூட எடுத்துக்கிட்டது கிடையாது. படம் எடுத்தாங்கன்னா காரியம் ஆகலன்னு அர்த்தம், தங்கச்சி."

டாக்டர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஈப்போவில் அவர் பிள்ளைகளுக்கு வைத்தியம் பார்த்தவர், மருத்துவம் படித்தது இந்தியாவில். அந்தப் பட்டத்துக்குத்தான் இந்த நாட்டின் குடியேற்ற அலுவலகம் அள்ளிப் பாயிண்ட் கொடுத்தது. குடும்பமே அவர் பாயிண்டில்தான் விமானம் ஏறியது. வந்து இறங்கியபின், டாக்டர்களைப் பதிவு செய்யும் இடத்தில் அதே பட்டம் செல்லாது என்றார்கள். பரீட்சை எழுத வேண்டும். பரீட்சையில் தேறினாலும் ஆஸ்பத்திரியில் மேற்பார்வையில் வேலை பார்க்க இடம் கிடைக்க வேண்டும். அக்கா பரீட்சையில் தேறினார், இடம் கிடைக்கவில்லை. வைத்தியம் பார்க்காமல் சில வருஷம் போய்விட்டால் தேறிய பரீட்சையும் கணக்கில் வராது, மறுபடி முதலிலிருந்து. அதனால் அந்த வீட்டில் ஒவ்வொரு மாதமும் காலண்டர் தாள் கிழிபடும்போது எல்லாருக்கும் வலித்தது.

அதுவரைக்கும் என்று அக்கா ஒரு குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பத்து மணிக்குச் சிறு சிறு டப்பாக்களைப் பிரித்துப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். டப்பாவில் உலர்ந்த திராட்சை. எத்தனையோ விஷயத்தில் கேலி பேசிய அண்ணன், இதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

என் மகனுக்கு ஒருமுறை ராத்திரியெல்லாம் காய்ச்சல் அடித்து, காலையில் தூக்கிக்கொண்டு முன்வீட்டுக்கு ஓடினேன். அக்கா வாசலிலேயே நின்று அவனைப் பார்த்தார். இரண்டு கையையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க மா. நான் தொடக்கூடாது."

"சும்மா நெத்திய மட்டும் தொட்டுப் பாருங்க அக்கா."

"தொட்டா சொல்லணும்னு தோணும். சொல்லிட்டா நாளைக்குப் பதிவுக்கே ஆபத்து." அவர் கை மட்டும் கக்கத்துக்குள் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு யார்மேல் என்று தெரியாமல் கோபம் வந்தது.

புதிய முறைத் தேர்தல் வந்தபோது, கட்சிக்கு ஒன்று, தொகுதி வேட்பாளருக்கு ஒன்று, ஆளுக்கு இரண்டு ஓட்டு என்று ஊரெல்லாம் அதே பேச்சு. குடியுரிமை வாங்காத எங்களுக்கும் ஓட்டு உண்டு என்று தெரிந்து என் கணவருக்கு ஒரே பெருமை. அண்ணன் பஸ்ஸில் விரலை மடக்கினார். "அமெரிக்காவுல ஓட்டு இல்ல, ஆனா கதவு எங்க இருக்குன்னு தெரிஞ்சுச்சு. இங்க ரெண்டு ஓட்டு இருக்கு, கதவு தெரியல. ஓட்டு ஒருநாள் வேல, தங்கச்சி. மத்த நாள்லாம் யார் கதவத் தட்டுறாங்களோ அவங்களோடது." கொஞ்ச நேரம் கழித்து, "தட்டிப் பாக்கப் போறேன்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்வீட்டில் டாக்டர்கள் கூடினார்கள். எங்களுக்குத் தெரிந்த தமிழ் டாக்டர்களில் டாக்சி ஓட்டுகிறவர், சூப்பர்மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிறவர், பெட்ரோல் பங்கில் நிற்கிறவர் எல்லாரும் வந்தார்கள். அக்கா சுட்ட கறி பஃப்பைச் சாப்பிட்டுப் பாராட்டினார்கள். சங்கமாகச் சேர்ந்து ஒரே குரலில் கேட்போம் என்றார் அண்ணன்.

யாழ்ப்பாணத்து டாக்டர் தயங்கினார். "என்ர விண்ணப்பம் உள்ளுக்கை கிடக்குது, அண்ணை. பேரைக் குடுத்தால் அவை பாத்து ஒதுக்கிப் போடுவினம்."

மதுரை டாக்டருக்கு வேறு கவலை. "எல்லா ஊர் டிகிரியையும் ஒண்ணாச் சேர்த்துக் கேட்டா நம்ம கேஸ் வீக் ஆயிடும் சார். நாங்க தனியா மூவ் பண்ணிக்கிறோம்."

இன்னொருவர், கேட்டு வாங்கினால் எல்லாருக்கும்தானே கிடைக்கும், நீங்கள் கேளுங்கள், நான் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று எழுந்துகொண்டார். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை, எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். கூட்டம் கலைந்தபின் அண்ணன் காலித் தட்டுகளைக் கழுவினார். "திராட்சைக்காரங்களுக்குக்கூட ஒருத்தர ஒருத்தர் பிடிக்காது தங்கச்சி. ஆனா சேந்து வந்தாங்க" என்றார்.

தனி ஆளாகிவிட்டதால் அவர் ஊர்த் தமிழ்ச் சங்கத்திடம் போனார். அதன் ஆண்டுவிழாவுக்கு எங்கள் தொகுதி எம்.பி. வருவதாக இருந்தது. தேர்தலுக்குச் சில வாரம்தான் பாக்கி. இதைவிட நல்ல சமயம் கிடையாது என்று அண்ணன் துள்ளினார். கேட்க வேண்டியது ஒரே வாக்கியம்: இந்த நாடு கூப்பிட்டு வந்த டாக்டர்களுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் மேற்பார்வையில் வேலை பார்க்க இடம் கொடுங்கள். அதையே இங்கிலீஷில் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்து, பஸ்ஸில் என்னைத் தூங்கவிடவில்லை.

சங்கத் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், யாருக்கு வீடு மாற்ற வேண்டுமென்றாலும் முதல் ஆளாக வேனோடு வந்து நிற்பார். அண்ணன் அவரிடம் சொன்னது இவ்வளவுதான்: "வந்து உக்காந்ததும் கேட்டுடணும். சாப்பாட்டுக்கு முன்னாடி, டான்ஸுக்கு முன்னாடி."

தலைவர் பதறிப்போனார். "என்ன கதை கதைக்கிறியள்? அந்த மனுசன் முதல்முறையா எங்கட இடத்துக்கு வாறார். வந்த கையோட கேக்கிறது வடிவில்லை. முதல்ல மரியாதை செய்வம், வயிறாரச் சாப்பிடட்டும். பிறகு ஆறுதலாக் கேப்பம்."

"சாப்பிட்டா போயிடுவாரு, ஐயா."

"போனா என்ன? அடுத்தமுறை கேப்பம்."

எங்கள் ஊரிலும் ஈப்போவிலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். விருந்தாளி இலையில் கை வைக்குமுன் நம் காரியத்தைப் பேசினால் அது சோற்றுக்கு விலை கேட்டதுபோல் ஆகிவிடும். அண்ணனும் அப்படி வளர்ந்தவர்தான், அதனால் மேலே வாதாட முடியவில்லை. கடைசியில் தலைவர் மனம் இரங்கி, விருந்துக்குப் பின் ஐந்து நிமிஷம் ஒதுக்கினார்.

விழா நாளில் ஒரே மழை. வாடகை ஹால் முழுக்க ஈரக்குடையும் மல்லிகைப்பூ ஸ்ப்ரேயும் சாம்பாரும் கலந்த வாசனை. அக்கா பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். எம்.பி. வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார், காற்றில் அது அணைந்தது, மறுபடி ஏற்றினார். தேவாரம். இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மொழியில் மாவோரி வணக்கம். வரவேற்புரை. அப்புறம் நடனம். ஊரில் மூன்று டான்ஸ் டீச்சர்கள், ஒருவரின் பிள்ளைகளை மட்டும் ஆடவிட்டால் மற்ற இரண்டு பேரும் அடுத்த வருஷம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். ஆகவே மூன்று நடனம். எம்.பி. பேச எழுந்து "வனாக்கம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நாங்கள் கை வலிக்கத் தட்டினோம், நானும்தான். அதற்குள் அவருடைய உதவியாளர் கடிகாரத்தைத் தொட்டுக் காட்டத் தொடங்கிவிட்டார். வேறு ஏதோ விழாவுக்குப் போக வேண்டுமாம்.

தலைவருக்கு வேர்த்துவிட்டது. சாப்பிடாமல் அனுப்ப முடியாது, மேடையிலேயே தட்டில் வடையும் கேசரியும் வந்தன. பொன்னாடை போர்த்தாமலும் அனுப்ப முடியாது. அவர் அண்ணனின் கையைப் பிடித்தார். "ஐந்து நிமிசத்துக்கு இனி நேரமில்லை. குறை நினைக்காதேங்கோ. பொன்னாடையை நீங்களே போர்த்துங்கோ, உங்களுக்கு நல்ல உயரம்."

அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. பொன்னாடையை வாங்கிக்கொண்டு மேடை ஏறினார். ஸ்பீக்கரில் நாதஸ்வரக் கேசட்டை முழுச் சத்தத்தில் வைத்தார்கள். அண்ணன் எம்.பி.யின் தோளைச் சுற்றிச் சால்வையைப் போட்டு, முன்பக்கம் இழுத்துச் சரிசெய்யும் சாக்கில் குனிந்து, பேசத் தொடங்கினார். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பது எனக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரியும். எம்.பி. காதைச் சாய்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ ஆசீர்வாதம் என்று நினைத்திருக்க வேண்டும். முகமெல்லாம் சிரிப்பாக ஏதோ சொல்லிக் கைகூப்பினார். அண்ணன் இன்னும் பலமாகச் சொன்னார். கேமரா ஃபிளாஷ் அடித்தது. உதவியாளர் எம்.பி.யைக் கைபிடித்து இறக்கிக்கொண்டு போனார். போகும்போது, இந்த வருஷம் தான் சாப்பிட்டதில் இதுதான் அருமையான சாப்பாடு என்று தலைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். தலைவர் சந்தோஷத்தில் கார்வரை போய் அவருக்குக் குடை பிடித்தார்.

அந்த எம்.பி. ஜெயித்தார். அண்ணன் அவருடைய அலுவலகத்துக்குப் பலமுறை போனார். அங்கே இருந்த பெண் ஒவ்வொரு முறையும் அன்பாகத் தேநீர் கொடுத்து, டாக்டர்களின் பதிவில் அரசாங்கம் தலையிட முடியாது என்றாள். "இங்கத்து டாக்டர்களுக்கு நல்ல சங்கம் இருக்கு, தங்கச்சி. தினமும் அங்கேயே இருக்காங்க. குத்தம் சொல்லல, நானும் அந்த வேலதானே பாத்தேன்" என்றார் என்னிடம்.

மறு வருஷம் அக்காவின் பரீட்சை கணக்கிலிருந்து போனது. கூடப் படித்த தோழி ஈப்போவில் கிளினிக் வைத்திருந்தார், வா என்றார். அண்ணன் மகளுக்கு அப்போதுதான் ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் நல்ல பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது, அவளைப் பாதியில் பெயர்க்க முடியாது. அண்ணன் இங்கே, அக்கா அங்கே என்று முடிவானது. விமான நிலையத்தில் அக்கா என் மகனைப் பக்கத்தில் இழுத்து நெற்றியில் உள்ளங்கையை வைத்தார். அவனுக்குக் காய்ச்சல் ஒன்றும் இல்லை. ஆனாலும் வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

அண்ணனும் மகளும் எப்சத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்கு மாறிப்போனார்கள். அதற்குப் பிறகு பஸ்ஸில் என்னை யாரும் எழுப்பவில்லை. தூங்கத்தான் முடியவில்லை.

கடைசியாக அண்ணனையும் மகளையும் சேர்த்துப் பார்த்தது ஒரு சனிக்கிழமை, தமிழ் வகுப்பு முடிந்து பிள்ளைகளைக் கூட்டிப்போகச் சங்கத்து அறைக்குப் போயிருந்தபோது. சுவரில் அந்தப் பொன்னாடைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். எம்.பி. கைகூப்பிச் சிரிக்கிறார். அண்ணன் வாயைத் திறந்தபடி அவர்மேல் சாய்ந்திருக்கிறார். பார்க்கிறவர்களுக்கு இரண்டு நண்பர்கள் ஏதோ ஹாஸ்யம் சொல்லிச் சிரிப்பதுபோல் இருக்கும்.

மகள் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். "டாட், யூ லுக் ஸோ ஹேப்பி."

"ஆமா லா" என்றார் அண்ணன்.

"வாட் வேர் யூ சேயிங் டு ஹிம்?"

"அம்மா ஒரு டாக்டர்னு சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"வாட் டிட் ஹி சே?"

அண்ணன் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"'நமஸ்தே'ன்னு சொன்னாரு, மா."